ரப்பர் வளையத்தின்மேல் ஒரு விரல்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினைந்தாம் நாள், சனிக்கிழமை. ஆனி முடியும் தறுவாய். வானம் முழுவதும் மேகம். ஆனால் துளி மழையில்லை. மேற்கு மலைகளின் இடுக்கிலிருந்து இறங்கும் காற்று செம்புழுதியை அள்ளி வந்து ரயில்பெட்டியின் சன்னல் கம்பிகளில் தேய்க்கிறது. பிற்பகல் வெப்பம் அந்தக் காற்றால் சற்றும் குறையவில்லை.

அய்யலூரைக் கடந்து, திண்டுக்கல்லை எட்டாமல், நிலையம் என்று எதுவும் இல்லாத வெட்டவெளியில் வண்டி நிற்கிறது. முன்னால் ஒரு சரக்கு வண்டி பழுதாகிக் கிடக்கிறதாம். இறங்கிப் போய் விசாரித்து வந்தவர்கள் சொல்கிறார்கள். கிடக்கட்டும். வண்டி நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது எத்தனையாவது தடவையோ. மடியில் துணிப்பை, துணிப்பைக்குள் நெகிழிப் பை, நெகிழிப் பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி இடத்தில் அடைத்த காற்று, அந்த நீரில் என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு முத்துக் கௌராமி. பழுப்பு உடலெங்கும் முத்துப் போன்ற வெண்புள்ளிகள், வாயிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு கரிய கோடு, நெஞ்சுக்குக் கீழே மீசையைப் போல் இரண்டு நீண்ட இழைகள். அந்த இழைகளால் அது பையின் சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறது. நான் பையின் வாயைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். வாயில் ரப்பர் வளையங்களைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறார் சென்னைக் கொளத்தூரின் வளர்ப்புமீன் கடைக்காரர். ஒரு நாள் முழுவதும் தாங்கும் என்றார். பயணத்துக்கு முன்பு தீனி போடாமல் வைத்திருந்ததாகவும், அதனால் தண்ணீர் சீக்கிரம் கெடாது என்றும் சொன்னார். திண்டுக்கல் என்ன, நாகர்கோவிலுக்கே போகலாம் என்றார். அவர் சொன்னவற்றில் எதையும் நான் ஐயுறவில்லை. விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மீனைத் தெரியும், நீரைத் தெரியும், நீருக்குள் மீன் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியும். தெரிவதுதான் தொல்லை. தெரியாதவர் இந்நேரம் தூங்கியிருப்பார்.

அது அம்மோனியாவை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நொடியிலும். கழிவு என்றதும் வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரியுங்கள், சிரித்து முடித்துவிட்டு எழுதுங்கள் என்பேன். உண்ணும் புரதம் உடலில் சிதையும்போது நைட்ரஜன் மிஞ்சும்; மிஞ்சுவது முதலில் அம்மோனியாவாகத்தான் மிஞ்சும்; அது நஞ்சு. நிலத்தில் வாழும் நாம் அந்த நஞ்சை அப்படியே வைத்திருக்க முடியாது என்பதால், கல்லீரலில் அரும்பாடுபட்டு யூரியாவாக மாற்றி, சிறுநீரகத்தில் வடித்து, நேரம் பார்த்து, இடம் பார்த்து, வெட்கப்பட்டு வெளியேற்றுகிறோம். பறவையும் பல்லியும் நீரைச் செலவிட மனமின்றி அதை யூரிக் அமிலமாக்கி வெள்ளைச் சுண்ணாம்பைப் போல் உதிர்த்துவிடுகின்றன. மீனுக்கு இந்த வேலையெல்லாம் இல்லை. சுற்றிலும் நீர் இருக்கிறது. அம்மோனியா நீரில் எளிதில் கரையும். ஆகவே அது எதையும் மாற்றாமல், எதையும் சேர்த்துவைக்காமல், மூச்சுவிடும் செவுளின் வழியாகவே பெரும்பகுதியையும் விட்டுவிடுகிறது. மூச்சும் கழிவும் ஒரே வாசலில். எவ்வளவு இலகுவான வாழ்க்கை என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். குளமும் ஆறும் கடலும் அந்த நஞ்சைப் பெற்றுக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடும். ஆனால் பை குளமன்று. பையில் விட்டது பையிலேயே இருக்கும். வண்டி நிற்க நிற்க, அந்த ஏழை மீன் தன் மூச்சைத் தானே நஞ்சாக்கிக்கொண்டு, அந்த நஞ்சுக்குள் தானே நீந்திக்கொண்டு, இழைகளால் சுவரைத் தடவிக்கொண்டு...

இல்லை. அப்படியில்லை. ஏன் இல்லை என்பதைத்தான் செண்பகவடிவு டீச்சர் தொலைபேசியில் விளக்கினார். செண்பகவடிவு டீச்சர் என்பவர் நான் பணியாற்றிய பள்ளியிலேயே வேதியியல் கற்பித்தவர், என்னைவிட இரண்டு ஆண்டுகள் இளையவர், திருமணம் செய்துகொள்ளாதவர், ஓய்வுக்குப் பின் திண்டுக்கல்லில் தம் வீட்டில் ஒரு மீன்தொட்டியோடு வாழ்பவர். அவரை நான் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். அவரிடம் கேட்டும்விட்டேன். விடை இன்னும் வரவில்லை. இந்தப் பயணத்தின் பொருள் அதுதான். இந்த மீனின் பொருளும் அதுதான். என் விரல் ரப்பர் வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருவதன் பொருளும் அதுவாகவே இருக்க வேண்டும்.

கேட்ட இடம் நன்றாக அமையவில்லை. உடன் பணியாற்றிய ஒருவருடைய ஓய்வு விழாவில், பந்தி முடிந்து, கைகழுவும் குழாயடியில் கேட்டேன். அதற்கு முன் மூன்று விழாக்களில் கேட்க நினைத்து, கேட்காமல் திரும்பியிருக்கிறேன். அன்று அவர் எனக்கு முன்னால் நின்று கைகழுவிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கூட்டம் எச்சில் கையோடு முட்டிக்கொண்டு நின்றது. வேறு சமயம் வாய்க்காது என்று தோன்றியதும் சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியில் ஒரு நீர்த்துளி. “சார், கையில சாம்பார் காய்ஞ்சுட்டிருக்கு. மொதல்ல கழுவுங்க,” என்றார். கழுவினேன். கழுவிவிட்டு நிமிர்ந்தபோது அவர் வெற்றிலைத் தட்டின் அருகே வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அன்றிரவு நான் சோர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் சென்னைக்குத் திரும்பும் பேருந்தில் என் உதடுகள் தாமாகச் சிரித்துக்கொண்டிருந்ததைச் சன்னல் கண்ணாடியில் பார்த்தேன். மறுத்துவிடவில்லையே. கழுவச் சொன்னார், அவ்வளவுதானே. கழுவு என்பதில் ஓர் அக்கறை இருக்கிறதல்லவா என்று விழுப்புரம்வரை வாதாடிக்கொண்டு வந்தேன்.

மங்களம் இருந்திருந்தால் இந்த வாதத்தைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். மங்களம் என் மனைவி. அவள் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவளைப் பற்றி நினைத்தால் இப்போது நோவதில்லை, மீன் மணக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுறாப்புட்டு. சுறா மட்டும் மற்ற மீன்களைப் போலன்று. அது யூரியாவை உடலிலேயே தேக்கிவைத்திருக்கும், கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க. செத்த பிறகு அந்த யூரியா அம்மோனியாவாகச் சிதையும், அதனால்தான் பழைய சுறா அப்படி நெடியடிக்கிறது என்று தட்டின்முன் அமர்ந்து நான் விளக்கத் தொடங்குவேன். “சோத்துல கைய வெச்சுக்கிட்டு மூத்திரத்தைப் பத்திப் பேசாதீங்க, மகராசனா இருப்பீங்க,” என்பாள். எங்கள் மகள் இளவரசி சிரித்துப் புரையேறி அழுவாள். அதே இளவரசிதான், குழாயடிச் செய்தியைத் தயங்கித் தயங்கி நான் சொன்னபோது, “அப்பா, கல்யாணம் கேக்கற இடமாப்பா அது? அவங்களுக்கு வேற இடத்துல வெச்சு இன்னொரு தடவை கேளுங்க,” என்றாள். குரலில் அழுகையும் இருந்தது, கேலியும் இருந்தது. எது மிகுதி என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. ஒரு கலவையைக் கலவையாகவே விட்டுவிட்டது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை என்று எண்ணுகிறேன்.

ஏனெனில் என்னால் எதையும் சும்மா விட முடியாது. இது என் சொல் அன்று. செண்பகவடிவு டீச்சரின் சொல். உலை கொதிக்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பேன். விதை ஊன்றினால் முளைத்துவிட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பேன். ஆசிரியர் அறையில் யாருடைய நாட்காட்டி சாய்ந்திருந்தாலும் நிமிர்த்துவேன். டீச்சரின் தம்பி திருமண அழைப்பிதழை வாங்கியதும் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன், மூன்று பிழைகள், மூன்றும் பிழைகளே, இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவர் ஆய்வகத்தில் ஏதோ ஒரு கரைசலைப் படிகமாவதற்கு வைத்திருந்தபோது, படிந்துவிட்டதா என்று நான் கண்ணாடிக் குடுவையைத் தூக்கி ஆட்டியதையும் அவர் மறக்கவில்லை. விழா முடிந்து பல வாரங்கள் கழித்து அவர் பேசியபோது இவை அனைத்தும் வரிசையாக வந்தன. “நீங்க நல்லவர் சார். அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா ஒரே வீட்டுல உங்களோட இருந்தா என் இட்லித் தட்டைப் பாதி வேக்காட்டுல திறந்து பாப்பீங்க. நான் இத்தனை வருசம் என் தட்டை நானே மூடி நானே திறந்தவ.” திறந்து பார்ப்பேன்தான். அப்புறம் அவர் பேச்சை மாற்றினார்: தொட்டியில் இருந்த ஜோடியில் பெண் கௌராமி இறந்துவிட்டதாம், ஆண் ஒரு மூலையிலேயே கிடக்கிறதாம், கொளத்தூரில் நல்ல பெண் மீன் கிடைக்குமா என்று கேட்டார். அனுப்பிவைக்கிறேன் என்றேன். “அனுப்ப வேணாம். கூரியர்ல உருட்டிருவாங்க. நீங்களே எடுத்துட்டு வாங்க.” என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. “ஒண்ணே ஒண்ணு. வழியில பையைத் திறக்கக் கூடாது. உங்களால முடியுமான்னு பாக்கறேன். மீன் உசுரோட வந்து சேரட்டும், அப்புறம் பேசுவோம்.”

திறந்தால் என்ன ஆகும் என்பதை விலங்கியல் சொல்லாது, வேதியியல்தான் சொல்லும். மீன் அம்மோனியாவை மட்டுமா விடுகிறது, கரியமில வாயுவையும் விடுகிறது. மூடிய பையில் அந்த வாயு வெளியேற வழியின்றி நீரில் கரைந்து நீரைச் சற்றே அமிலமாக்கும். அமில நீரில் அம்மோனியா அம்மோனியாவாக இராது; அம்மோனியம் என்னும் சாதுவான அயனியாக மாறிவிடும்; அந்த அயனியால் செவுளுக்குள் எளிதில் நுழைய முடியாது. ஆகவே மூடிய பைக்குள் மீனின் பெருமூச்சே மீனைக் காக்கிறது. பரிதாபப்பட்டு யாராவது பையைத் திறந்து அப்படியே வைத்திருந்தால் கரியமில வாயு வெளியேறும், நீரின் அமிலம் குறையும், அதுவரை சாதுவாக இருந்த அவ்வளவும் ஒருங்கே நஞ்சாக மாறும். காற்றாட வைத்தேன், செத்துவிட்டது என்று அழுவார்கள். காற்றாட வைத்ததால்தான் செத்தது. இதை எனக்கு விளக்கியவர் டீச்சர். முப்பதாண்டுகளுக்கு மேலாக மீனின் கழிவைப் பற்றிப் பாடம் நடத்திய எனக்கு இந்தப் பாதி தெரியாது. மீதிப் பாதி சுவருக்கு அப்பால், வேதியியல் ஆய்வகத்தில், அவரிடம் இருந்திருக்கிறது.

ஆனால் இது என்ன, மீன் மேலே வருகிறது. வாயைத் திறக்கிறது. மூடுகிறது. கீழே போகிறது. மறுபடி மேலே வருகிறது. சற்றுமுன்வரை அப்படிச் செய்யவில்லையே. செய்ததா? நான் கவனிக்கவில்லையா? பைமேல் பாதி போர்த்தியிருந்த துண்டை விலக்கி முகத்தைப் பைக்கு அருகில் கொண்டுபோகிறேன். நீர்மட்டத்தில் ஒரு குமிழி. எதிர் இருக்கையில் மதுரைக்குப் போகும் தாயம்மாளும் அவர் கணவரும்; பெயரைத் திருச்சியிலேயே சொல்லி, எனக்கு இரண்டு முறுக்கும் கொடுத்துவிட்டார். தாயம்மாளும் குனிகிறார். “அய்யய்யோ, வாயப் பொளக்குதே! ஐயா, கட்ட அவுத்துக் கொஞ்சம் காத்து விடுங்க.” “திறக்கக் கூடாது அம்மா.” “அதெப்படி, பச்சப் புள்ள மாதிரி தவிக்குது, தெறக்கக் கூடாதுன்னா? கல்லு மனசா உங்களுக்கு?” சன்னலோரம் கண்மூடியிருந்த கணவர் கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்: “தாயி, அவரு பையத் தெறந்தா மீனுக்குக் காத்து வரும். நீ வாய மூடுனா எனக்குக் காத்து வரும்.” “உங்களுக்குக் காத்து வந்து என்னத்தக் கிழிக்கப் போறீங்க, தூங்கத்தான போறீங்க? ஐயா, நீங்க அவுங்க. நான் பிடிச்சுக்கிறேன்.” அவருடைய கை நீள்கிறது. வளையல்கள் நெகிழியில் மோதுகின்றன. மீன் வெட்டித் திரும்புகிறது.

நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். அணைத்த கையின் விரலே வளையத்தின் அடியில் நுழைந்துவிட்டிருக்கிறது. ஒரு சுற்று மட்டும். ஒரே ஒரு சுற்றைத் தளர்த்திப் பார்த்துவிட்டு உடனே கட்டிவிடலாம். டீச்சருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மீன் செத்துப்போனால் மட்டும் தெரியும். செத்த மீனோடு நான் திண்டுக்கல் நிலையத்தில் இறங்குவேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார், பையைப் பார்ப்பார். பிறகு பண்போடு காபி கொடுத்து அனுப்பிவைப்பார். மறுபடி நான் வில்லிவாக்கத்து வீட்டில் நாட்காட்டியை நிமிர்த்திக்கொண்டு, நிமிர்ந்தே இருப்பதை மீண்டும் நிமிர்த்திக்கொண்டு... திறக்காவிட்டாலும் சாகுமானால்? திறந்திருந்தால் பிழைத்திருக்குமானால்? மீன் மேலே வருகிறது. வாயைத் திறக்கிறது. ஒரு மிடறு. தவளைக்குஞ்சு நினைவுக்கு வருகிறது, ஏனென்று தெரியவில்லை. தலைப்பிரட்டையாக இருக்கும்வரை அம்மோனியாவை விடும் உயிர், கால் முளைத்துக் கரையேறும்போது யூரியாவுக்கு மாறிக்கொள்கிறது. கல்லீரல் புதிய வேலையைக் கற்றுக்கொள்கிறது. ஒரே உடல், வேறு வழக்கம். மாற முடியும் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். எந்த வயதுவரை மாற முடியும் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. நல்லவேளை. என் விரல் வளையத்தை இழுக்கிறது. ரப்பர் நீள்கிறது, நெகிழி நெறுநெறுக்கிறது. மீன் மீண்டும் மேலே வந்து, என் கண்ணுக்கு நேராக, ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல், மீசையை ஆட்டிக்கொண்டு, கீழே இறங்குகிறது.

காற்றைக் குடிக்கிறது. அட, குடிக்கத்தான் செய்யும்! இது கௌராமி. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு கூடுதல் மூச்சறை கொண்ட இனம். சேற்றுக்குட்டையிலும் வாழக் கற்றது. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இதைத் தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன், ‘குறிப்பு வரைக.’ தவறாக எழுதியவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அச்சம் வந்த ஐந்து நிமிடத்தில் நானே அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வருகிறது. அடக்கப் பார்க்கிறேன், அடங்கவில்லை. வயிறு குலுங்குகிறது, மடி குலுங்குகிறது, பை குலுங்குகிறது, மீன் ஊஞ்சலாடுகிறது. தாயம்மாள் கையை இழுத்துக்கொண்டு கணவரைத் தட்டி எழுப்புகிறார். “ஏங்க, இந்த ஐயாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு.”

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்கிறது. அவர்தான். “எங்க சார் நிக்குது வண்டி?” “அய்யலூரைக் கடந்துவிட்டோம், டீச்சர். முன்னால் ஒரு சரக்கு வண்டி நிற்கிறது.” “மீனு?” “நீந்துகிறது.” “பையைத் திறந்தீங்களா?” “இல்லை.” மறுமுனையில் காற்றின் இரைச்சல், அவர் வீட்டு மாடியில் நின்று பேசுகிறார் போலும். அந்தக் காற்றே இங்கும் வருகிறது. “கை வெச்சீங்களா?” பொய் சொல்லலாம். தொலைவில் இருக்கிறார். “வைத்தேன்.” “இன்னும் வெச்சிருக்கீங்களா?” கீழே பார்க்கிறேன். விரல் வளையத்துக்கு அடியில்தான் இருக்கிறது. “ஆம்.” “எடுங்க.” எடுக்கிறேன். ரப்பர் தன் இடத்தில் டப்பென்று படிகிறது. அந்த ஓசை அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரிக்கிறார். செண்பகவடிவு டீச்சர் பல் தெரியச் சிரிப்பதை நான் பார்த்ததில்லை. வாயை இறுக்கிக்கொண்டு மூக்கால் சிரிப்பார். இன்று தொலைபேசியில், பார்க்க முடியாத ஓரிடத்தில், வாய்விட்டுச் சிரிக்கிறார். “பொய் சொல்லாம ஒத்துக்கிட்டீங்க பாருங்க. சரி, வாங்க. ரயிலு நின்னுட்டிருக்கும்போதுகூட ‘வைத்தேன்’னு பாடப்புத்தகத் தமிழ்தானா உங்களுக்கு?” என்று சொல்லி, விடைக்குக் காத்திராமல் வைத்துவிடுகிறார்.

“ஊட்டுக்காரம்மாவா?” என்கிறார் தாயம்மாள். “இன்னும் இல்லை,” என்கிறேன். எண்ணிச் சொன்னதன்று, வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாயம்மாளின் இரண்டு கைகளும் கன்னத்துக்குப் போகின்றன. “ஆத்தாடி ஆத்தா! ஏங்க, எந்திரிங்க, எந்திரிங்க! ஐயா பொண்ணு கேக்கப் போறாரு!” கணவர் இப்போது கண்ணை முழுதாகத் திறக்கிறார், என்னை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார், நரைத்த தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மடியில் பை. “பூவு, பழம், வெத்தலை பாத்திருக்கேன். மீனைக் கொண்டுபோய்ப் பொண்ணு கேக்கறத இன்னிக்குத்தான்யா பாக்கறேன்,” என்கிறார். “அந்தம்மா கேட்டிருக்கு, இவரு கொண்டுபோறாரு. நீங்க எனக்கு என்னத்தக் கொண்டுவந்தீங்க?” “உனக்கு என்னையே கொண்டுவந்தேன்ல?” “அத எவ கேட்டா?” பின்னிருக்கையிலிருந்தும் தலைகள் எழுகின்றன. அவர் கணவர் ‘சரி, மீனக் காட்டுங்க பாப்போம்’ என்று கையை நீட்டியதும், சற்றுமுன் கட்டை அவிழ்க்கச் சொன்ன அதே தாயம்மாள் அந்தக் கையில் ஓர் அடி வைக்கிறார். “பையத் தொட்டீங்கன்னா பாருங்க. கல்யாணம் நின்னுபோவும்.” எனக்கு முகம் சுடுகிறது. அறுபது கடந்தவனுக்கு முகம் சுடுமா? சுடுகிறது. காதுமடல்கூட.

துண்டால் பையை மூடிவிட்டேன். இரண்டு கைகளையும் முழங்கால்களின்மேல், பிள்ளைகளை வைக்கச் சொல்வதுபோல், வெறுமனே வைத்திருக்கிறேன். அவற்றுக்கு வேலையில்லை. வேலையில்லாத கைகள் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது; சற்று நேரத்தில் அவை இவ்வளவு இலேசாகும் என்பதும் தெரியாது. துண்டுக்கு அடியில் ஓர் உயிர் தன் மூச்சையும் தன் நஞ்சையும் ஒன்றுக்கொன்று ஈடுசெய்துகொண்டு, என் உதவியில்லாமல் வாழ்கிறது. உலை மூடிக்குள் அரிசி என் உதவியில்லாமல் வெந்திருக்கிறது. மண்ணுக்கு அடியில் விதைகள் நான் கிளறியும்கூட முளைத்திருக்கின்றன. வெளியே முருங்கைத் தோப்பு காற்றில் ஒரே பக்கமாகச் சாய்கிறது. அதை யாரும் நிமிர்த்த வேண்டாம். மேகம் மலைமேல் அமர்ந்திருக்கிறது; பெய்தால் பெய்யட்டும். எனக்குப் பசிக்கிறது, தாயம்மாள் கொடுத்த முறுக்கை எடுத்துக் கடிக்கிறேன், எள்ளும் ஓமமும், கொஞ்சம் உப்புக் கூடுதல், கூடுதலாகவே இருக்கட்டும், நன்றாயிருக்கிறது. செண்பகவடிவு. டீச்சர் என்பதை விட்டுவிட்டு ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். செண்பகவடிவு. அவர் இல்லை என்று சொல்லிவிட்டால்? சொன்னால் சொல்லட்டும் என்று நினைக்க முயல்கிறேன், முடியவில்லை, அந்த இடம் மட்டும் முள்ளாகக் குத்துகிறது. குத்தட்டும். குத்துகிற இடத்தையும் கிளறாமல் வைத்திருக்கிறேன். எங்கோ முன்னால் இரும்பு இழுபடும் ஓசை. பெட்டி ஒருமுறை குலுங்குகிறது. துண்டுக்கு அடியில் நீர் சளப்பென்கிறது. “கெளம்பிருச்சு!” என்று யாரோ கத்துகிறார்கள், தாயம்மாள் கும்பிடுகிறார், முருங்கைத் தோப்பு மெல்ல, மிக மெல்ல, பின்னோக்கி நகரத் தொடங்குகிறது.

அதன்பின் நடந்தவை இவை. வண்டி மாலையில் திண்டுக்கல்லை அடைந்தது. செண்பகவடிவு நிலையத்துக்கு வந்திருந்தார். வீட்டில் அவர் பையை வெட்டி, மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டார். மீன் உயிரோடு இருந்தது. காபி கொடுத்தார். திருமணத்தைப் பற்றி, யோசித்துச் சொல்வதாகக் கூறினார். நான் சென்னைக்குத் திரும்பினேன். நானாகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவில்லை. செப்டம்பர் மாதத்தில் ஒரு காலை அவரே அழைத்தார். சிரித்துக்கொண்டிருந்ததால் முதலில் பேச்சு விளங்கவில்லை. நான் பெண் என்று தேர்ந்து கொண்டுவந்த மீன் வளர்ந்ததும் அதன் முதுகுத் துடுப்பு கூராக நீண்டு, தொண்டை செம்மஞ்சளாகிவிட்டதாம், அது ஆண், பழைய ஆணும் அதுவும் ஓயாமல் சண்டையிட்டதால் இன்னொரு தொட்டி வாங்கிவிட்டாராம். “விலங்கியல் வாத்தியாரே, நல்லாப் பாத்து வாங்கினீங்க,” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பு இருக்கட்டும். வாராவாரம் ரெண்டு தொட்டிக்குத் தண்ணி மாத்த என் ஒருத்தியால ஆகாது. நீங்க எப்ப வர்றீங்க?” என்று கேட்டார். அந்த ஆண்டு ஐப்பசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் திருமணம் பதிவாயிற்று. இளவரசி சாட்சிக் கையெழுத்திட்டாள். ஞாயிறு காலைகளில் இருவரும் ஆளுக்கொரு தொட்டிக்கு நீர் மாற்றுகிறோம். எடுத்த நீரைக் கொல்லையில் இருக்கும் வாழைக்கு ஊற்றுகிறோம். வாழை இவ்வாண்டு இரண்டு தார் தள்ளியிருக்கிறது.